உயரம், நிறை, வயது

என் மகள் கௌரிக்கு ஐந்து வருடமாகப் பதினாலு வயது.

சிரிக்க வேண்டாம். தொண்ணூற்று மூன்றில் சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலைத் தாண்டிக் கொழும்புக்கு வந்தபோது அவளுக்கு உண்மையாகவே பதினாலுதான். கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு எடுத்த அறைக்கு, இருப்பவர்களின் பெயரும் வயதும் கேட்டுப் பொலிஸ் பதிவுப் படிவம் வந்தது. என் கணவர் நாகேந்திரம் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடம் பம்பலப்பிட்டிக்கு மாறினோம். புதுப் பொலிஸ், புதுப் படிவம். "இன்னும் ஒரு வருசத்துக்குப் பதினாலெண்டே இருக்கட்டும்" என்றார். பிறகு வெள்ளவத்தை, அங்கேயும் இரண்டு வீடு. வாடகை கூடியது, சாமான்கள் குறைந்தன, கௌரியின் வயது மட்டும் அசையவில்லை.

பதினாறு முடிந்தால் அடையாள அட்டை வேண்டும். அட்டை எடுப்பதற்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் வேண்டும். அது படகில் ஏறும் அவசரத்தில் என் கையிலிருந்த பையோடு உப்புத் தண்ணீரில் ஊறிக் கூழாகிப்போனது. யாழ்ப்பாணத்திலிருந்து இன்னொன்று எடுப்பிப்பதற்கு அங்கே போகவும் முடியாது, எழுதினால் பதிலும் வராது. அட்டையில்லாத தமிழ்ப் பிள்ளையைச் சுற்றிவளைப்பில் கண்டால் ஏற்றிக்கொண்டு போவார்கள். எங்கள் மேல்மாடியிலிருந்த ஒரு பெட்டையை அப்படித்தான் கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். அவள் நாலு கேள்வி கேட்டால் எட்டுப் பதில் சொல்லக்கூடிய பிள்ளை. என் கௌரிக்கு டவுன் சின்ட்ரோம். யார் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டு "ஓம்" என்பாள். குண்டு வைத்தது நீயா என்று கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்லுவாள்.

நல்ல வேளையாக அவள் ஆள் கட்டை. நாலடி ஏழு அங்குலம். வட்ட முகம். இரட்டைப் பின்னலும் போட்டுவிட்டால் பதினாலு என்பதை எந்தப் பொலிஸ்காரனும் மறுக்கமாட்டான். காலையில் பல் தீட்டியதும் கேட்பேன்: "வயசு?" "பதினாலு." இரவு படுக்கும்போதும் கேட்பேன். வேறு எதை மறந்தாலும் அதை அவள் மறந்ததில்லை. அப்படிப் பழக்கியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில், எங்கள் பிள்ளைகளுக்கான நிலையம் இருந்தது. பெற்றோர் நாங்களே சேர்ந்து நடத்தியது. கிழமைக்கு மூன்று நாள் பாட்டு, நடனம், உறை ஒட்டும் வேலை. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாசி மாதம் அங்கே பைறோஸா என்று ஓர் இளம் டொக்டர் வந்தார். ஹெவ்லொக் டவுனில் வீடு. மேற்படிப்புக்காக ஆராய்ச்சி செய்கிறாராம். எங்கள் பிள்ளைகளின் உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அளக்க வேண்டுமாம்.

எனக்கு முதலில் பிடிக்கவில்லை. அதுவரை என் மகளைக் கண்ணால் அளந்தவர்கள்தான் அதிகம். பஸ்ஸில் அளப்பார்கள், கோயிலில் அளப்பார்கள். இப்போது கருவியும் கொண்டுவந்துவிட்டார்களா என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். வாயாலும் கொஞ்சம் சொன்னேன்.

"அளந்து என்ன டொக்டர் செய்யப்போறியள்? நோய் மாறப்போகுதே?"

அவர் கோபிக்கவில்லை. "இது மாத்துற வருத்தம் இல்ல அன்ரி. ஆனா இந்தப் புள்ளைகள் உயரம் குறைவு, தசை தளர்வு. மத்தப் புள்ளைகளுக்குப் போட்ட கணக்கில இவங்களையும் வெச்சுப் பாக்கிறாங்க. தராசு மொத்தமாத்தான் சொல்லும், உள்ளுக்கு என்ன இரிக்கின்டு சொல்லாது. இவங்களுக்கு எது சரியான நிறையின்டு எனக்குத் தெரிஞ்ச மட்டும் இங்க யாரும் எழுதி வெக்கல்ல. அதத்தான் நான் தேடுறேன்" என்றார்.

அந்தப் பதில் பிடித்துப்போனது. என் மகளுக்கு எது சரி என்று இதுவரை யார் தேடினார்கள்? சரியென்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். டொக்டர் படிவத்தை எடுத்தார். பெயர், பால், பிறந்த திகதி.

படிவத்தைக் கண்டதும் என் வாய் தன்பாட்டில் வேலை செய்யத் தொடங்கியது. மாதமும் திகதியும் சரியாகச் சொன்னேன். வருடத்தை மட்டும் ஐந்து தள்ளிச் சொன்னேன். "வயசு?" என்று அவர் கேட்டு முடிக்கும் முன்னர் கௌரி "பதினாலு!" என்றாள். டொக்டர் "அடே, கெட்டிக்காரி" என்று கன்னத்தைத் தட்டினார். அப்போது எனக்கு ஒரு துளி உறுத்தல்கூட இல்லை. உயரத்துக்கும் நிறைக்கும் வயது எதற்கு என்றுதான் நினைத்தேன்.

அளக்கத் தொடங்கியபோதுதான் எல்லோரும் சிரித்தார்கள். கையின் பின்பக்கத்துச் சதையைப் பிடித்து அளக்க, இடுக்கி போன்ற ஒரு கருவியோடு டொக்டர் கிட்டப் போனார். கௌரி உடனே இரண்டு கைகளையும் உயர்த்திக் கால்களை அகற்றி நின்றாள். பிறகு தானாகவே மறுபக்கம் திரும்பிக் காட்டினாள். கைப்பையையும் திறந்து நீட்டினாள். செக்பொயின்ற்றில் பொம்பிளைப் பொலிஸ் தடவும்போது அப்படித்தானே நிற்க வேண்டும். டொக்டரும் சிரித்தார். சிரித்துவிட்டு அந்தப் பையை வாங்கி, உள்ளே பார்க்காமல், மூடிக் கொடுத்தார். அந்த இடத்தில் அவரை எனக்கு மெத்தப் பிடித்துவிட்டது.

பிறகு தோட்டையும் காப்பையும் கழற்றி மெத்தையில் படுக்கவைத்துக் கையில் இரண்டு, காலில் இரண்டு என்று சின்னச் சின்ன ஒட்டுகள் ஒட்டி வயர் கொழுவினார். ஊசி இல்லை, நோவு இல்லை. ஐந்து நிமிடம் ஆடாமல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். நான் அவளுடைய காதுக்குள் பாட்டுப் பாடினேன். கௌரி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

இரண்டு கிழமை கழித்து டொக்டர் என்னைக் கூப்பிட்டார். பதினாலு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கொழுப்பு மிகவும் கூடுதல், நிறை ஐம்பத்தொரு கிலோ, இப்படியே போனால் பின்னால் நீரிழிவு, இருதய வருத்தம் எல்லாம் வரலாம் என்று பக்குவமாகச் சொன்னார். சோற்றைக் கொஞ்சம் குறையுங்கள், இனிப்பை விடுங்கள், நடக்கவிடுங்கள் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். கொஞ்சம் என்றுதான் சொன்னார். அதை நான் இன்றைக்கும் மறைக்கமாட்டேன். ஆனால் எனக்கு எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது.

மூன்று அகப்பைச் சோறு ஒன்றானது. இரவில் புட்டு நின்றது. மீன் பொரியல் நின்றது. காலி வீதியில் வாங்கும் ரோல்ஸ் அடியோடு நின்றது. கௌரிக்கு ஏன் என்று விளங்கவில்லை. சோற்றுக் கோப்பையைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். "முடிஞ்சுது அம்மா" என்று வெறும் கோப்பையைத் தூக்கிக் காட்டுவாள். நான் குசினிக்குள் போய்விடுவேன். ஒருநாள் சீனிப் போத்தலுக்குள் விரலை விட்டுக்கொண்டு நின்றவளைப் பிடித்துக் கையில் அடித்தேன். அதுவரை அவளை நான் அடித்ததே இல்லை. அவள் அழவில்லை. "சொறி அம்மா" என்றாள்.

"பிள்ளையைக் கொல்லப்போறீர்" என்றார் நாகேந்திரம்.

"வருத்தம் வந்தா நீங்களோ பாக்கிறது? டொக்டர் சொன்னதைத்தான் செய்யிறன்."

மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் கௌரி நடன வகுப்பில் பாதியிலேயே நிலத்தில் இருந்துவிடத் தொடங்கினாள். படியேறும்போது கைபிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். தலைமயிர் கொத்தாகச் சீப்பில் வந்தது. ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் என் தோளில் சாய்ந்தவள் அப்படியே வழுகி விழுந்தாள்.

அந்தக் கிழமைதான் டொக்டர் இரண்டாம் தடவை அளந்தார். திரும்பவும் ஒட்டுகளை ஒட்டித் திரும்பவும் அளந்தார்.

"அன்ரி, கொழுப்பு பெருசாக் குறையல்ல. குறைஞ்சது முக்காவாசி தசை. இது நல்லதில்ல. எனக்கு விளங்குதில்ல" என்றார். பிறகு படிவத்தைப் புரட்டினார். "இந்த மெஷின் கரண்ட் எவ்வளவு சுகமாப் போகுதின்டு மட்டும்தான் சொல்லும். மத்ததெல்லாம் கணக்கு. உயரம், நிறை, வயசு மூண்டும் சரியா இருந்தாத்தான் கணக்கு சரி. எந்த அட்டவணையில வெச்சுப் பாக்கிறதும் வயசப் பொறுத்துத்தான். வயசு சரிதானே அன்ரி? பதினாலுதானே?"

உயரம், நிறை, வயது. மூன்றில் ஒன்று நான் கொடுத்தது. கௌரி மெத்தையில் கிடந்தபடியே "பதினாலு" என்றாள்.

"ஓம்" என்றேன் நான்.

வீட்டுக்கு வந்து, டொக்டரிடம் உண்மையான வயதைச் சொல்லப்போகிறேன் என்று நாகேந்திரத்திடம் சொன்னேன். அவர் எழும்பிக் கதவைச் சாத்தினார்.

"விசரே உமக்கு? அந்தப் பைல் நாளைக்கு ஆருடைய கையில போகுமெண்டு தெரியுமே? பொலிஸ் படிவத்தில ஒண்டு, ஆஸ்பத்திரிப் படிவத்தில ஒண்டு. பொய் சொல்லி வைச்சிருக்கினமெண்டு எங்களையும் உள்ள போடுவாங்கள். பிள்ளை என்ன பாடுபடும்?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அதுதான் எனக்குக் கோபம். சொன்னால் பிள்ளையைப் பொலிஸ் கொண்டுபோகலாம். சொல்லாவிட்டால் பிள்ளை என் கையாலேயே பட்டினி கிடந்து தேய்ந்துபோகும். இரண்டில் எதை எடுப்பது? சோறு போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாமே என்று அவர் கேட்டார். எவ்வளவு போடுவது என்று யாருக்குத் தெரியும்? அதைக் கண்டுபிடிக்கத்தானே அந்த டொக்டர்ப் பெட்டை வயரும் ஒட்டும் கொண்டு அலைகிறாள். அவளுக்கே நான் பொய்யைக் கொடுத்திருக்கிறேன். தெரிந்துகொண்டும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

விடிந்ததும் கௌரியையும் இழுத்துக்கொண்டு டொக்டரின் வீட்டுக்கே போனேன். இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. இருந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"டொக்டர், இவளுக்குப் பத்தொன்பது. நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். ஐடென்ரி காட் இல்லை. பயத்தில சொன்னனான். நீங்கள் என்னை என்னெண்டாலும் பேசுங்கோ. பொலிசுக்கு மட்டும் போகப்படாது. பிள்ளைக்கு எவ்வளவு சோறு குடுக்கிறதெண்டு சொல்லுங்கோ, போறன்."

டொக்டர் என்னைப் பார்த்தார். கௌரியைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த கொப்பியை இழுத்து விரித்தார். அதில் பெயர்கள் இல்லை. எண்கள் மட்டும் வரிசையாக இருந்தன.

"உங்கட மகள் இங்க நம்பர் பதினேழு. பேர் எழுதின தாள் என்ட அலுமாரிக்குள்ள பூட்டி இரிக்கி. அது பொலிஸுக்கும் போகாது, வேறெங்கயும் போகாது. அதுக்கு நான் பொறுப்பு" என்றார். பிறகு விரலால் ஒரு வரிசையைக் காட்டினார். "இத பாருங்க. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனையிலருந்து வந்த புள்ளைகள் இருபத்திரண்டு பேர். ஒத்தருக்கும் பதினஞ்சுக்கு மேல வயசில்ல. உங்கட ஆக்கள்ல பதினாறு வயசுப் புள்ளையே பொறக்கிறல்லையோன்டு நான் ரெண்டு மாசமா யோசிச்சிட்டு இருந்தேன் அன்ரி!"

அவர் சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருவரும் கண்ணைத் துடைத்தோம்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"நீங்க பொய் சொன்னது எனக்கில்ல. படிவத்துக்கு."

அவர் பென்சிலால் பதினாலை வெட்டிப் பத்தொன்பது என்று எழுதினார். கணக்கைத் திரும்பப் போட்டார். வேறு ஓர் அட்டவணையை எடுத்து விரலை ஓட்டினார். மாசி மாதத்து அளவை அதில் வைத்துக் காட்டினார். கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை என்றார். சோற்றில் ஒரு அகப்பையைக் குறைத்து, தினமும் கடற்கரையில் நடந்திருந்தால் போதுமாயிருந்ததாம்.

"அது சின்னப் புள்ளையிட உடம்பில கொழுப்பு ஏறினதில்ல அன்ரி. அது வளர்ந்த பொம்புளையிட உடம்பு. அந்த வயசுக்கு அது இருக்கத்தான் வேணும்" என்றார்.

அந்தச் சொல்தான் என்னை விழுத்தியது. ஐந்து வருடமாக என் மகள் என் கண் முன்னால் பெண்ணாக வளர்ந்துகொண்டிருந்தாள். அந்த வளர்ச்சியைக் கொழுப்பென்று சொல்லி அதைக் கரைக்கத்தான் நான் அவளைப் பட்டினி போட்டிருக்கிறேன். டொக்டரின் வீட்டுக் கதிரையில் தொப்பென்று இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவருடைய உம்மா உள்ளேயிருந்து தேத்தண்ணியும் ஒரு தட்டு இனிப்பு வட்டிலப்பமும் கொண்டுவந்தார். கௌரி தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "சாப்பிடு பிள்ளை" என்றேன். அவள் சாப்பிட்ட வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும். முன்பின் தெரியாத அந்த வீட்டுக்கு என் வாழ்நாள் முழுதும் நன்றிக்கடன்பட்டிருக்கிறேன்.

டொக்டர் இன்னொன்றும் செய்தார். கௌரியின் உண்மையான வயது, அவளுடைய நிலைமை, பொலிஸ் பிடித்தால் அவளோடு எப்படிக் கதைக்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதித் தன் வீட்டு ரெலிபோன் நம்பரையும் போட்டுக் கையெழுத்து வைத்துத் தந்தார். அட்டை எடுப்பதற்கு, பிறப்புப் பத்திரத்துக்குப் பதிலாகச் சத்தியக் கடதாசி முடித்துத் தரும் ஒருவரிடமும் அனுப்பினார். அட்டை கைக்கு வர எட்டு மாதம் பிடித்தது. ஐந்து வருடம் ஒளித்துவைத்து நான் தேடிய காவலை அந்த டொக்டர்ப் பிள்ளை அரை மணித்தியாலத்தில் ஒரு தாளில் எழுதித் தந்துவிட்டார்.

"இப்ப நீங்க எனக்கொரு உதவி செய்யணும்" என்றார் புறப்படும்போது. "மத்த உம்மாமாரோட நீங்க கதைக்கணும். நான் கேட்டா சொல்லமாட்டாங்க."

மற்ற இருபத்தொரு வீட்டுக்கும் போனேன். கொட்டாஞ்சேனையில் றஞ்சிதம் என்னை வாசலிலேயே நிறுத்திவைத்துச் சண்டை பிடித்தாள். அவளுடைய மகன் சிவபாலனுக்குப் படிவத்தில் பதின்மூன்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவனுக்கு மீசை மழித்துவிடுகிறாள். "உமக்கு என்ன, பொம்பிளைப் பிள்ளை, மீசை இல்லை" என்றாள். பிறகு உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். அவனும் என் கௌரியைப்போல ஒரு அகப்பைச் சோற்றில்தான் இருந்தான்.

அடுத்த மாதம் திரும்ப அளக்கும் நாள் வைத்தார்கள். தாய்மார் வரிசையில் நின்று, ஒவ்வொருவராகக் கிட்டப் போய், டொக்டரின் காதுக்குள் குனிந்து வயதைச் சொன்னார்கள். பதினேழு. இருபது. பதினெட்டு. டொக்டர் ஒவ்வொன்றையும் எழுதிவிட்டு "தேங்க்ஸ் அன்ரி" என்றார். எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நாங்கள் வயது சொல்லியிருக்கிறோம். அதற்கு யாரும் நன்றி சொன்னதில்லை. வயதைச் சொல்லிவிட்டு வந்தவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, சுமையை இறக்கிவைத்த முகங்கள்.

எங்கள் முறை வந்தது. நான் குனியவில்லை. "அவளே சொல்லட்டும் டொக்டர்" என்றேன்.

"கௌரி, உங்களுக்கு என்ன வயசு?"

கௌரி என் பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கிழமையாகப் பதினாலு என்று சொல்லவேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, வேறு எதைச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

"எனக்கு எத்தினை அம்மா?"

நான் முழங்காலில் இருந்து அவளுடைய கையைப் பிடித்தேன். "பத்தொன்பது பிள்ளை. பதினாலுக்குப் பிறகு பதினஞ்சு, பதினாறு, பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது." ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை விரித்தேன். அவள் விரிந்த ஐந்து விரல்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். கௌரிக்குக் கணக்கு வராது என்றுதான் எல்லோரும் சொல்லுவார்கள்.

"பேத்டே வரேல்லையே" என்றாள்.

உண்மைதான். வயது ஏறாத பிள்ளைக்கு எப்படிப் பிறந்தநாள் கொண்டாடுவது? வீட்டுச் சொந்தக்காரர் வயதை எண்ணுவார், பக்கத்து வீடு எண்ணும். அந்த நாளை நாங்கள் ஐந்து வருடமும் சத்தமில்லாமல் கடத்திவிட்டோம். அவள் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டொக்டர் பேனையை வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வரும் பிள்ளை. அஞ்சும் வரும். அம்மா தாறன்" என்றேன்.

"ஒரே நாளில இல்ல" என்றார் டொக்டர், திரும்பாமலே. "மாசத்துக்கு ஒண்டு. சின்னத் துண்டு."

அன்று பின்னேரம் நாகேந்திரமும் நானும் கௌரியுமாகக் காலி வீதியில் ஒரு பேக்கரிக்குப் போனோம். கௌரி சிவப்பு ரோசாப்பூப் போட்ட கேக்கைத் தெரிந்தெடுத்தாள். கடைக்காரர் ஐசிங் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "மொனவாத லியன்ன ஓனே?" என்று கேட்டார். கேக்கில் என்ன எழுத வேண்டும் என்று அவர் சிங்களத்தில் கேட்டதை நான் அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

அவள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு யோசித்தாள்.

"பதினஞ்சு" என்றாள்.